ரப்பர் பேண்ட் போட்ட பெட்டி

பாளையங்கோட்டையில் ஞாயிறுதோறும் போர்டு கேம் ஆடும் கூட்டம் ஆவுடையப்பன் சார் வீட்டில்தான் கூடும். அவருடைய கண்ணாடி அலமாரியில் இல்லாத விளையாட்டு இல்லை. ஆனால் அதை யாரும் தொடக்கூடாது. மற்றவர்கள் கொண்டுவருவதை ஆடுவார்கள், சார் அலமாரியில் இருப்பவை உட்பட எல்லாவற்றுக்கும் எது நல்ல ஆட்டம், எது மட்டம் என்று தீர்ப்புச் சொல்வார்.

புதிதாக வந்த எஸ்தர் அன்றைய ஆட்டம் நன்றாயிருந்தது என்றாள்.

"நீ என்னத்தம்மா கண்ட? இந்த அலமாரியிலயே சிறந்த கேம் எது, சொல்லு பாப்போம். பெட்டியைத் திறக்கக்கூடாது, யாரையும் கேக்கக்கூடாது" என்றார் சார்.

எஸ்தர் அடித்தட்டிலிருந்து, மூலை கிழிந்து ரப்பர் பேண்ட் போட்டிருந்த பெட்டியை எடுத்தாள்.

சார் முகம் மாறியது. "எப்படிக் கண்டுபிடிச்ச?"

"இதுலதான் சார் டீக்கறை இருக்கு. மத்ததெல்லாம் கடையில சுத்தின கண்ணாடித் தாளைக்கூடப் பிரிக்கலையே."

ஆடாத ஆட்டங்களுக்கா இத்தனை நாள் தீர்ப்பு? கூட்டம் கொல்லென்று சிரித்தது. சார் மட்டும் கிழிந்த மூலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எம் மவளோட ஆடினது. அவ கல்யாணமாகிப் போனப்புறம் எல்லாம் வாங்குதேன், பிரிக்க மனசு வரல."

சிரிப்பு அடங்கியது. எஸ்தர் மேல்தட்டிலிருந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது நல்லாருக்குமான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பிரிங்க சார்."

சார் கத்தரிக்கோல் தேட எழுந்தார்.