வீட்டுக்கு வீடு வரி

எருக்கலம்பட்டிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று பக்கத்து ஊரில் சொல்வார்கள். அது பொய். இருக்கிறது. தேய்ந்துவிடக் கூடாதே என்று நாங்கள்தான் அதை எடுப்பதில்லை.

ஊர் மந்தையில் வைஃபை பெட்டி மாட்டியபோது மாசிலாமணிக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் மகள் சுகந்தியை, மஸ்கட்டில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை வியாழக்கிழமை காலையில் வீடியோவில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. வந்த வரனெல்லாம் தட்டிப்போன வீடு அது. இதுவும் கைவிட்டுப் போய்விடுமோ என்று மனிதர் பயந்துபோயிருந்தார்.

பெட்டி மாட்டிய டவுன் அதிகாரி கிளம்பும்போது, மாதச் செலவு ஊருடையது என்றார். "இஷ்டப்பட்டவங்க குடுங்க. இல்லேன்னா வீட்டுக்கு வீடு வரி போடுங்க. புதன்கிழமைக்குள்ள ஏற்பாடு ஆகலேன்னா பெட்டியைக் கழட்டிருவேன்."

ஊர் கூடியது. இஷ்டப்பட்டே கொடுத்துவிடலாம் என்றார் தலைவர் சீமைச்சாமி. உடனே ஒச்சப்பன் எழுந்து, தனக்கு இஷ்டமில்லை, ஆனால் சிக்னல் தானாக வீட்டுக்குள் வந்தால் விரட்டவும் மனசு வராது என்றார். கொடுக்காதவர்கள் சிக்னல் வரும் நேரத்தில் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று யோசனை வந்தது. மூடுகிறார்களா என்று யார் பார்ப்பது? பார்க்கிறவர் கண்ணைத் திறந்திருப்பாரே, அவரும் கொடுக்காதவராக இருந்தால்?

சீமைச்சாமி வெகுநேரம் யோசித்தார். "அப்ப எல்லாரும் கட்டாயமா இஷ்டப்பட்டே ஆகணும்."

"கட்டாயம்னா அது வரியில்ல?" என்றார் ஒச்சப்பன்.

சரி, வரியே போடுவோம் என்று தீர்மானமானது.

மறுநாள் மாசிலாமணி சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாகப் புறப்பட்டு, வீட்டுக்கு வீடு சுவரில் வரி போட்டார். மகள் கல்யாணமாயிற்றே, ஒவ்வொரு வரியையும் நேராக இழுத்தார். மச்சு வீட்டுக்கு நீள வரி, குடிசைக்குக் குட்டை வரி. தன் வரி பக்கத்து வீட்டு வரியைவிடத் தடிமன் என்று ஒருவர் பஞ்சாயத்துக்குப் போனார். ஒச்சப்பனோ ராவோடு ராவாக வீட்டுக்கே வெள்ளையடித்து வரியை மறைத்துவிட்டார். வரி ஏய்ப்பு எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது என்று நாங்கள் கொஞ்சம் பெருமைப்பட்டோம்.

புதன்கிழமை அதிகாரி போன் செய்து, வரி போட்டாயிற்றா என்று கேட்டார். போட்டாயிற்று என்றார் மாசிலாமணி.

"எல்லாரும் கட்டிட்டாங்களா?"

மாசிலாமணி போனை வைத்துவிட்டு ஊரைக் கூப்பிட்டார். கட்டவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையே. எல்லோரும் ஓடிப்போய்க் கிணற்றுக் கயிறு, தாம்புக் கயிறு எல்லாவற்றையும் முடிந்து, அவர் வீட்டு வரியில் தொடங்கி வீடு வீடாக வரிமேல் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே போய், ஊரைச் சுற்றி அவர் வீட்டுக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அதிகாரி வந்தார். பார்த்தார். பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

மாசிலாமணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஒச்சப்பன்தான் அவர் தோளைத் தொட்டார். "அண்ணே, பெட்டி போனா போகுது. வீட்டுக்கு வீடு இணைப்பு இருக்குல்ல?"

வியாழக்கிழமை காலை சுகந்தி பட்டுப்புடவை கட்டி, கயிற்றுக்கு நேரே உட்கார்ந்தாள். பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று மாசிலாமணி பணிவாகக் கேட்டு, கயிற்றை இழுத்தார். அடுத்த வீட்டுக்காரர் தன் பங்குக்கு இழுத்தார். அவருக்கு அடுத்தவரும் இழுத்தார். ஊரெல்லாம் சுற்றி வந்து, கயிற்றின் மறுமுனை மாசிலாமணியின் கையை வெடுக்கென்று இழுத்தது.

"புடிச்சிருக்காம்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"கை பலமான ஆளுதான்" என்றாள் சுகந்தி, தலையைக் குனிந்தபடி.

கையோடு சீர் விஷயத்தையும் பேசிவிடலாம் என்று, என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டு மறுபடி இழுத்தார். அதற்குள் ஊரில் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். கயிறு அசையவில்லை.

"ஒண்ணுமே வேண்டாமாம். தங்கமான பையன்" என்று சொல்லிவிட்டு, பந்தல்காரரைப் பார்க்கக் கிளம்பினார் மாசிலாமணி.