படிக்கும் அனுமதி

திருமேனிக்கு நாற்பத்தெட்டு வயது. வேலை பார்த்த நூற்பாலை மூடிய பிறகு கம்ப்யூட்டர் படித்து, ஒரு பெண்கள் காப்பகத்தின் அலுவலகத்தில் சேர்ந்திருந்தார். அடிக்கும் வீடுகளிலிருந்து தப்பி வந்தவர்கள் தங்கியிருந்த இடம் அது. அங்கே அலுவலகக் கோப்புகளெல்லாம் இருந்த லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொண்டவள் சலோமி. அவரைவிட மிகவும் இளையவள். அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவள் கற்றுக்கொடுத்தது.

ஒரு நாள் மதியம் அவர் ஒரு சந்தேகத்தோடு அவளிடம் போனார்.

"மேடம், ஆண்டறிக்கை எழுத வந்திருக்கிற வேணு, விழாப் படங்கள் ஃபோல்டரைப் பார்க்க முடியலன்னு காலையில சொன்னான். எல்லாரும் படிக்கிற மாதிரி அனுமதி குடுத்துட்டேன். இப்ப படத்தோட பேரெல்லாம் தெரியுதாம். ஒண்ணுகூடத் திறக்க மாட்டேங்குதாம். படிக்க அனுமதி குடுத்தும் ஏன் மேடம் திறக்கல?"

சலோமி எழுந்து நடந்தாள். அவரும் பின்னால் போனார்.

தையல் அறையின் கண்ணாடிக் கதவு முன்னால் நின்றாள். சாப்பாட்டு நேரம், அறை பூட்டியிருந்தது. உள்ளே ஒவ்வொரு மெஷினிலும் அதில் தைக்கும் பெண்ணின் பெயர் ஒட்டியிருந்தது.

"பேரெல்லாம் தெரியுதா அண்ணே?"

"தெரியுது."

"உள்ள போங்க."

"பூட்டியிருக்கே மேடம்."

"பார்க்குறது வேற, நுழையுறது வேற. ஃபோல்டர்ல ஆர்ங்கிற அனுமதி இருந்தா உள்ள என்னென்ன பேர் இருக்குன்னு பார்க்கலாம். எக்ஸ் இருந்தாத்தான் உள்ள போகலாம். நீங்க ஆர் மட்டும் குடுத்திருக்கீங்க."

திருமேனிக்குப் புரிந்துவிட்டது. புரிந்த சந்தோஷத்தில் கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே இருந்த பெயர்களைப் படித்தார்.

"செண்பகம். ரெஜினா. கோதைநாயகி."

நிறுத்தினார்.

சலோமி அவரைப் பார்த்தாள். "அந்தக் கட்டளைய எந்த ஃபோல்டர்ல இருந்து குடுத்தீங்க?"

படங்கள் ஃபோல்டருக்குள் போகாமல், அதற்கு ஒரு படி மேலேயே நின்று எல்லாருக்கும் படிக்கும் அனுமதி தரும் chmod -R o+r கட்டளையை அடித்திருந்தார். அதிலிருந்த பெரிய எழுத்து R, கீழே இருப்பவை அத்தனைக்கும் அனுமதியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். படங்களுக்குப் பக்கத்தில்தான் 'பெண்கள்' என்ற ஃபோல்டர் இருந்தது. அதற்குள் ஒவ்வொருத்திக்கும் ஒரு ஃபோல்டர், பெயரும் ஊரும் சேர்த்து.

இருவரும் வேகமாகத் திரும்பினார்கள்.

சலோமி உட்காரவில்லை. நின்றபடியே, அனுமதிகளைக் காட்டும் ls -l அடித்தாள். ஒவ்வொரு வரியிலும், அனுமதி இல்லை என்று காட்டும் கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஆர் இருந்தது. அடித்த கட்டளையில் கூட்டலைக் கழித்தலாக்கி, அதே இடத்திலிருந்து மறுபடி அடித்தாள். கோடுகள் திரும்பி வந்தன. பிறகு, படங்களை மட்டும் பார்க்க வேண்டியவர்களுக்கென்று ஒரு குழு அமைத்து, வேணுவை அதில் சேர்த்து, படங்கள் ஃபோல்டரை அந்தக் குழுவுக்குக் கொடுத்தாள்.

"பழையபடி ஆயிடுச்சா மேடம்?"

"ஆயிடுச்சு."

அவர் மூச்சு விட்டார். அவள் விடவில்லை.

"வேணுவைக் கூப்பிடுங்க."

வேணு வந்தான். நல்ல பிள்ளை. கேட்டதும் ஒளிக்காமல் சொன்னான். ஆமாம், அந்தப் பெயர்களையும் பார்த்தான். ஒன்றில் அவன் ஊர்ப் பெயர் இருந்தது. நம்ம ஊர் அக்கா இங்கே இருக்கிறார்களே என்று அம்மாவிடம் போனில் சொன்னான். அவ்வளவுதான். ஏன் சார், தப்பா?

சலோமி போனை எடுத்து ஒரு வேனுக்குச் சொன்னாள்.

சாயங்காலம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். கோதைநாயகியைப் பார்க்க வேண்டும், வீட்டுக்காரர் அனுப்பினார் என்றார்கள். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார் காவலாளி. அவர்கள் சண்டை போடவில்லை. எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

பின்பக்கம் வேன் நின்றது. கோதைநாயகி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பிள்ளை பள்ளியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சீருடையைக்கூட மாற்றவில்லை. எந்த ஊருக்குப் போகிறோம் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. தாய்க்கும் தெரியாது.

திருமேனி பையைத் தூக்கி வேனில் வைத்தார். தவறு தன்னுடையது என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தார். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கம்ப்யூட்டர் சொல்லித் தர்றேன்னீங்க, அதுக்குள்ள கிளம்பற மாதிரி ஆயிடுச்சு" என்றாள் அவள். "வரேன் சார்."

வேன் போய்விட்டது. சலோமி கேட்டைச் சாத்தினாள். திருமேனி அவள் பக்கத்திலேயே நின்றார்.

"உள்ள இருந்த எதையும் அவன் திறக்கல மேடம். திறந்திருக்கவும் முடியாது. பேர் மட்டும்தானே தெரிஞ்சுது."

சலோமி தாழ்ப்பாளைப் போட்டாள்.

"அவ ஒளிச்சு வெச்சிருந்ததே அது ஒண்ணத்தான் அண்ணே."