திருவிழாவில் திணறிய டவர்

"டவர் திணறுது அம்மா," என்றார் செல்வநம்பி, மாதங்கியிடம். "ஆம்புலன்ஸைக் கூப்பிடக்கூட லைன் கிடைக்கல. மேலே ஒரு பொண்ணுக்குப் பிரசவ வலியாம்."

மலைக்கோயிலில் திருவிழா. அந்தி நேரத்து மேகம் இறங்கி, படிகள் எங்கே முடிகின்றன என்றே தெரியவில்லை. சன்னதிக்குள் நுழைய முடியாத கூட்டம் மலை முழுக்க நின்று சாமியைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை வெளிச்சப் புள்ளிகளோடு மலை தூக்கத்தில் மிதப்பதுபோல் இருந்தது.

அடிவாரத்துப் போன் டவரைப் பார்த்துக்கொள்ளும் செல்வநம்பிக்குத் தலை நரைத்துவிட்டது. அவருக்கு அலைவரிசை வித்தை சொல்லித்தந்த குரு மாதங்கிக்கோ அவரைவிடப் பத்து வயது குறைவு. அதில் அவருக்கு வருத்தமில்லை. கேட்டதற்கு நேராகப் பதில் வராததில்தான் எரிச்சல்.

"என்ன அனுப்புறீங்க?" என்றார் மாதங்கி.

"சாமி தரிசனந்தான். கேக்குறவங்களுக்கெல்லாம் தனித்தனியா அனுப்புறேன். ஒருத்தருக்கும் குறை வைக்கல."

மாதங்கி செருப்பைக் கழற்றினார்.

"வாங்க, சன்னதிக்குள்ளே போவோம்."

"இப்பவா?"

மாதங்கி பாதிப் படி ஏறியிருந்தார்.

சன்னதியில் மூச்சுவிட இடமில்லை. திரை விலகியது. குருக்கள் தீபத்தை உயர்த்தினார். அத்தனை கைகளும் தலைக்கு மேல் குவிந்தன.

மாதங்கி மெல்லக் கேட்டார். "உங்களுக்குத் தனியா ஒரு தீபாராதனை காட்டச் சொல்லட்டுமா?"

"விளையாடாதீங்க அம்மா. ஒருதடவை காட்டினா எல்லாருக்கும் காட்டின மாதிரிதானே?"

சொல்லிவிட்டு அவருக்கே என்னவோ போலாயிற்று.

தீபம் தணிந்தது. குருக்கள் வாசலுக்கு வந்தார்.

"அர்ச்சனை யாருக்கு? பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ."

கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். போன் காதிலேயே இருந்தது.

"பூங்கோதை, ரோகிணி நட்சத்திரம்! என் வீட்டுக்காரி, சாமி. மண்டபத்துல வலியில துடிக்கிறா. ஆம்புலன்ஸுக்கு லைனே போகமாட்டேங்குது."

"பூங்கோதை, ரோகிணி," என்று குருக்கள் திரும்பச் சொன்னார்.

"சாமிக்கு லைன் கிடைச்சிடுச்சு," என்றார் மாதங்கி.

செல்வநம்பிக்கு வெட்கமாக இருந்தது. செருப்பைக்கூடத் தேடாமல் டவருக்கு ஓடினார். ஆளுக்கொன்றாய்ப் போய்க்கொண்டிருந்த ஆயிரம் தீபங்களையும் நிறுத்தினார். ஒரே தீபத்தை மலை முழுமைக்கும் விட்டார்.

மலையில் ஒரு போனிலும் சாமி மறையவில்லை.

மேலே, பூங்கோதையின் கணவன் காதில் ஒரு பெண்குரல் கேட்டது.

"ஆம்புலன்ஸ். சொல்லுங்க, எங்கே வரணும்?"