கோமதி தாளத்தை விட்ட கதை

அந்தக் காலத்தில் புறாவும் பேசும், மின்விசிறியும் பேசும். வாயில்லாத பொருள் என்று ஒன்றுமே கிடையாது. அப்போது தூத்துக்குடியில் பெனிட்டா நடத்திய கேம் சென்டரில் கோமதி என்று ஒரு கணினித் திரை இருந்தாள். விலை குறைந்த திரைதான், ஆனால் தாளம் தப்பாதவள். மேலிருந்து கீழாகப் படத்தைப் பரப்புவாள், முடித்த கையோடு அதே வேகத்தில் மறுபடி மேலிருந்து தொடங்குவாள். தாளம் நின்றால் இருண்டு செத்துப்போவாய் என்று சொல்லித்தான் அவளைப் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார்கள்.

அவளுக்குப் படம் வரைந்து கொடுப்பவர் சுடலை, கணினிக்குள் உட்கார்ந்திருக்கும் கிராபிக்ஸ் கார்டு. வேலை கூடினால் உடம்பு கொதிக்கும், கூடவே கோபமும் வரும். அவருக்குத் தாளமாவது ஒன்றாவது. வெறும் சுவர் என்றால் மளமளவென்று வரைந்து தள்ளுவார். புகையும் வெடியும் வந்தால் ஒரு படத்துக்கே மூச்சு வாங்குவார். கோமதி பாதிப் படத்தைப் பரப்பிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைத் திணிப்பார். மேல்பாதியில் பழைய படம், கீழ்ப்பாதியில் புதியது. படம் குறுக்கே கிழிந்ததுபோல, ஓடுகிறவனின் தலை ஓரிடத்திலும் இடுப்பு வேறிடத்திலும் தெரியும். விளையாட வந்தவர்கள் திட்டியது என்னவோ கோமதியைத்தான்.

பாவம், அவளும் சும்மா இருக்கவில்லை. நான் ஒரு சுற்று முடிக்கும்வரை புதுப் படத்தைக் கையிலேயே வைத்திருங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டாள். முணுமுணுத்தபடியே அவரும் வைத்திருந்தார். ஆனால் புகை வரும் இடத்தில் அவர் கொஞ்சம் பிந்தினாலும் கோமதியிடம் புதுப் படம் இருக்காது. காட்டியதையே மறுபடி காட்டுவாள். கிழிசல் போய், ஆட்டம் திக்கித் திக்கி நகர்ந்தது.

பெனிட்டா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியிலும் இதே கதை என்றால் கோமதியைக் கழற்றி பில் போடும் மேசையில் வைத்துவிடுவதாக எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். ஆயுசு முழுக்க அசையாத ரசீதைக் காட்டிக்கொண்டு கிடப்பதா என்று நினைத்ததும் கோமதிக்கு அழுகை முட்டியது. ஆட்டம் என்றால் அவளுக்கு அவ்வளவு ஆசை.

போட்டியன்று காலை ஜன்னல் விளிம்பில் ஒரு புறா நடந்து போனது. எதையாவது கேட்காமல் இருந்தால் கோமதிக்குத் தலை வெடித்துவிடும். ஏன் இப்படித் தலையை வெட்டி வெட்டி நடக்கிறாய் என்று கேட்டாள்.

"நான் எங்க வெட்டுதேன்? உடம்பு பாட்டுக்குப் போகும். பாத்து முடிக்கிற வரைக்கும் தலை மட்டும் நின்ன இடத்துலயே நிக்கும். இல்லன்னா ரெண்டு காட்சியும் கலந்துரும்," என்றது புறா.

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"அது கால் போற வேகத்தைப் பொறுத்தது. மெதுவா நடந்தா கூடக் கொஞ்சம் நிக்கும்."

நிற்கிற நேரம் கூடலாம், குறையலாம் என்று அதுவரை யாரும் கோமதிக்குச் சொன்னதில்லை. காலை முழுக்க அதையே புரட்டிப் புரட்டி யோசித்தாள். போட்டி தொடங்கும் முன் சுடலையைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, இனிமே நான் தாளம் போடலை. நீங்க முடிச்சுத் தந்த பிறகுதான் பரப்புவேன். ஆனா வெறும் சுவருன்னாலும் என் வேகத்தைத் தாண்டிராதீங்க. ஒரு படி கீழயே நில்லுங்க."

சுடலை பதறிப்போனார். "ஏளா, தாளம் நின்னா செத்துருவேன்னு சொன்னியே?"

"நின்னு பாத்தாத்தானே தெரியும்."

ஆட்டம் சூடுபிடித்தது. புகை கிளம்பியது, சுடலை பிந்தினார். கோமதி கண்ணை இறுக்கிக்கொண்டு தாளத்தை விட்டாள்.

இருள் வரவில்லை. இருந்த படம் இருந்தபடியே நின்றது. சுடலை அடுத்ததைக் கொடுத்ததும் அதை முழுசாகப் பரப்பினாள். புகைக்குள்ளிருந்து ஒருவன் தலையும் உடம்புமாக ஓடி வந்தான். திக்கவில்லை, கிழியவில்லை. அன்று முழுக்கத் திரை என்று ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவில்லை. கோமதிக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் சுடலை ஒரு வார்த்தை கேட்காமல் இஷ்டத்துக்குப் படத்தைத் தள்ளினார். அவள் எப்படியும் காத்திருப்பாள் என்ற நினைப்பு. கோமதியோ பழைய தாளத்திலேயே ஓடினாள். படம் மறுபடி கிழிந்தது.

"உயிரைப் பணயம் வச்சுல்லா நின்னேன், அண்ணாச்சி. கேட்டா எப்பவும் நிப்பேன். கேக்காம நிக்க மாட்டேன்," என்றாள்.

அன்று முதல்தான், விலை குறைந்த திரைகள் பெட்டியிலிருந்து வெளியே வந்ததும் தாமாகக் காத்திருப்பதில்லை. திரையின் மெனுவைத் திறந்து, காத்திருக்கும்படி நாம்தான் ஒருமுறை கேட்கவேண்டியிருக்கிறது.