எஞ்சின் போச்சு

மெக்கானிக் தங்கப்பழம் "எஞ்சின் போச்சு" என்று சொல்லி இரும்பு விலைக்கு வாங்கிய பைக்குகள் மூன்று, பெயிண்ட் அடித்து அவர் கடை வாசலிலேயே விற்பனைக்கு நின்றன. மீன்காரி செல்வமேரிக்கு அது உறுத்தியது. தன் பழைய பைக்குக்குத் தானே வேலை பார்க்கப் பழகியவள் அவள். ஒருநாள் அதைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஸ்டார்ட் ஆகலண்ணே."

அவர் நாலு உதை உதைத்தார். "எஞ்சின் போச்சு. கண்டவங்க கை வச்சா இப்படித்தான். இரும்புக்குப் போட்டுரு, நானே எடுத்துக்கிறேன்."

"யாராலயும் ஓட வைக்க முடியாதாண்ணே?"

"எவனாவது ஓட வச்சா என் கடை போர்டையே கழட்டிடறேன்!"

கடையில் நின்ற எல்லோர் காதிலும் அது விழுந்தது.

பெட்ரோல் டேப்பைத் தெருமுனையிலேயே மூடி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டுத்தான் செல்வமேரி வந்திருந்தாள். இப்போது அதைத் திறந்தாள். பத்து எண்ணினாள். ஒரே உதையில் வண்டி உறுமியது.

"போர்டு கழட்ட எத்தனாம் நம்பர் ஸ்பேனர்ண்ணே? பையில எல்லாம் வச்சிருக்கேன்."