கொம்பில் சேறு பூசிய எருமை

மலையடிவாரத்துக் காடு ஒன்றில் விரிகொம்பி என்று ஓர் எருமை வாழ்ந்து வந்தது. அதன் முதுகில் எப்போதும் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருக்கும். எருமை நடந்தால் புல்லிலிருந்து பூச்சி கிளம்பும். கரிச்சான் அதைப் பிடித்துத் தின்னும். தின்னாத நேரமெல்லாம் ஓயாமல் பேசும்.

காட்டின் நடுவே ஒரு சுனை இருந்தது. சுனைக்கரை நாவல் மரத்தடியில் ஒரு கல்விச்சாலை நடந்தது. காட்டின் இளசுகளெல்லாம் அங்கேதான் படித்தன. புல்லும் பூண்டும், காற்றும் மழையும், மண்ணும் வேரும் அங்கே பாடம். அங்கே படித்துவிட்டு வந்தவர்களுக்குக் காட்டில் தனி மரியாதை.

மாலையானால் போதும், விரிகொம்பி மேட்டின் மேல் ஏறி நின்று அந்த நாவல் மரத்தையே பார்க்கும். பாடம் சொல்லும் சத்தம் காற்றில் வரும், ஒரு வார்த்தையும் புரியாது. ஆனாலும் அசைபோடும் வாயை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே நிற்கும்.

"அங்க என்னக்கா பார்க்குற? அந்தப் பக்கம் நல்ல புல்லுகூடக் கிடையாதே!" என்றது கரிச்சான்.

"ஒரு பாடத்தைப் பாதியில விட்டுட்டு வந்துட்டேன் குருவி. அதைத்தான் பார்க்குறேன்," என்றது விரிகொம்பி.

விரிகொம்பி இன்னும் கன்று ஈனாத கிடேரியாக இருந்தபோது ஒரே ஒரு நாள் அந்தக் கல்விச்சாலைக்குப் போயிருந்தது. அது கடுங்கோடை. அப்போது ஆசிரியராக இருந்த நாரை எல்லோரையும் கரையில் நிறுத்தி வைத்துக் கேட்டது: "காட்டுல இருக்கிற குட்டையெல்லாம் வத்திப் போச்சு. இந்தச் சுனை மட்டும் ஏன் வத்தல? இறங்குங்க தண்ணிக்குள்ள, சொல்றேன்!"

விரிகொம்பி ஒரு காலைத் தண்ணீரில் வைத்தது. அதற்குள் மேட்டிலிருந்து அதன் தாயின் குரல் கேட்டது. "ஏண்டி, வா! கூட்டம் கிளம்பியாச்சு!"

கோடையில் காட்டுப் புல் கருகிவிடும். எருமைக் கூட்டம் பச்சை தேடித் தொலைவிலுள்ள ஆற்றங்கரைக்கு நடக்கும். பின்தங்கினால் புலிக்குத்தான் விருந்து. வைத்த காலை எடுத்துக்கொண்டு விரிகொம்பி ஓடியது. அடுத்த கோடையில் அதற்கே ஒரு கன்று பிறந்தது. அதற்கடுத்து இன்னொன்று. கன்றுகளை விட்டுவிட்டு எங்கே போய்ப் படிப்பது?

ஒரு வருடம், ஆற்றுக்குப் போகும் வழியில் சொட்டுத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. விரிகொம்பியின் கன்று ஒன்று ஒரு பாறை நிழலில் விழுந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை. அன்று முதல் நாரையின் கேள்வி விரிகொம்பியின் தொண்டையில் முள்ளாய்ச் சிக்கிக்கொண்டது. இந்தச் சுனை மட்டும் ஏன் வற்றவில்லை? அதைத் தெரிந்துகொண்டிருந்தால்?

இப்போது கன்றுகளெல்லாம் வளர்ந்துவிட்டன. கடைசி மகள் செம்பியும் கிடேரியாகிவிட்டது. மழைக்காலம் முடிந்து பனி விழத் தொடங்கிய ஒரு நாள், விரிகொம்பி கூட்டத்தின் நடுவே சொல்லியே விட்டது.

"நான் படிக்கப் போறேன்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"படிக்காத பிள்ளையைத்தான் எருமைன்னு திட்டுவாங்க. எருமையே படிக்கப் போனா என்னன்னு திட்டுவாங்க?" என்றது ஒரு கிழட்டுக் கடா.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்றது இன்னொன்று.

செம்பி சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டது. "அம்மா, அங்க என் வயசுப் பிள்ளைங்கதான் படிக்குது. நீ போய் நடுவுல உட்கார்ந்தா என்னைத்தான் கேலி பண்ணுவாங்க."

கடாவின் கேலி தோலோடு நின்றது. எருமைத் தோல் அல்லவா! மகள் சொன்னதுதான் உள்ளே இறங்கி வலித்தது.

அன்று முழுக்க விரிகொம்பி புல்லில் வாய் வைக்கவில்லை. கரிச்சானுக்குப் பொறுக்கவில்லை. எருமை நடக்காவிட்டால் அதற்கும் பட்டினிதானே!

"அக்கா, உன் வயசு எங்க தெரியுது? முகத்துலயா? கொம்புலதான்!"

அது உண்மை. எருமை ஒரு கன்று ஈன்றால் கொம்பில் ஒரு வளையம் விழும். விரிகொம்பியின் அடிக்கொம்பு முழுக்க வளையமாகத்தான் இருந்தது.

"அதைச் சேத்தைப் பூசி மறைச்சுட்டா நீயும் கிடேரிதான்!"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியே!"

"மறைச்சவன் ஏன் மாட்டினான்? யாரோ சோத்தைக் கிளறினதாலதான்! நீ கொம்பை ஆட்டாம இரு. எல்லாம் நான் பார்த்துக்குறேன்!"

மறுநாள் காலை, புற்றுமண்ணைக் குழைத்துக் கொம்பின் அடியில் அப்பியது விரிகொம்பி. கரிச்சான் அலகால் தட்டித் தட்டி வழவழப்பாக்கியது. காய்ந்ததும் கொம்பு பளிச்சென்று இளங்கொம்பாகிவிட்டது.

கல்விச்சாலை வாசலில், சேர வருகிறவர்களை விசாரித்து உள்ளே அனுப்ப ஒரு முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தது.

"பேரு?"

"விரிகொம்பி."

"என்ன தெரிஞ்சுக்கணும்?"

சுனையின் கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அதைக் கேட்டால், எப்போது கேள்விப்பட்டாய், யார் சொன்னது என்று பேச்சு வளருமே! விரிகொம்பி அதை விழுங்கிக்கொண்டது.

"எல்லாந்தான்."

"எல்லாமா? நல்ல ஆசைதான். உள்ள போ!"

அவ்வளவுதான். வயதைக் கேட்டால் சொல்வதற்கென்று வழி முழுக்க ஒரு பொய்யை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தது விரிகொம்பி. அந்தப் பொய்யை யாரும் கேட்கவே இல்லை. பயத்தில் அது விரிகொம்பிக்கு உறைக்கவும் இல்லை.

இப்போது ஆசிரியராக இருந்தது ஒரு நீர்நாய். சின்ன வயது. விரிகொம்பியின் மூத்த மகளைவிடவும் இளையது. ஆனால் அது வாயைத் திறந்தால் பாடம் தண்ணீராய் ஓடும். மண்ணைப் பற்றிச் சொன்னது. வேரைப் பற்றிச் சொன்னது. விரிகொம்பிக்கு ஒவ்வொரு வார்த்தையும் தித்தித்தது. இத்தனை வருடம் மிதித்து நடந்த மண்ணுக்குள் இவ்வளவு நடக்கிறதா! துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

எங்கே குதிப்பது? குதித்தால் தினமும் காலையில் பூசிக்கொண்டு வந்த சேறு உதிர்ந்துவிடும்.

"புரிஞ்சுதா?" என்று நீர்நாய் கேட்கும். மான்குட்டி தலையாட்டும். முயல் தலையாட்டும். குரங்கு, புரியாவிட்டாலும் எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டும். விரிகொம்பி மட்டும் ஆடாமல் அசையாமல் நிற்கும். கண்ணில் ஈ உட்கார்ந்தாலும் தலையைத் திருப்பாது.

"எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி நிக்குது பாரு!" என்று குரங்கு காதைக் கடிக்கும்.

நீர்நாயும் பாவம், இந்த மாணவிக்குப் பாடம் ஏறவில்லை என்று நினைத்து அதையே மறுபடி சொல்லும். புரிந்த பாடத்தைப் புரியாதது போல மறுபடி கேட்டுக்கொண்டு நிற்கும் விரிகொம்பி.

உச்சிவேளையில் எல்லோரும் சுனையில் குதிப்பார்கள்.

"வாடி, தண்ணி ஜில்லுன்னு இருக்கு!" என்று கூப்பிடும் மான்குட்டி.

"எனக்குத் தண்ணி ஒத்துக்காது," என்று சொல்லும் விரிகொம்பி.

எருமைக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதாம்! கேட்டுக்கொண்டிருந்த தவளைகூடச் சிரித்துவிட்டது.

தோல் காந்தும். மூக்குக்கு நேரே தண்ணீர் மின்னும். படிப்புக்கு ஏங்கி வந்த இடத்தில் தண்ணீருக்கும் ஏங்கிக்கொண்டு நின்றது அந்த எருமை. எட்டியிருந்து ஏங்குவதைவிடக் கிட்டே நின்று ஏங்குவது கொடுமை. அது விரிகொம்பிக்கு அங்கேதான் தெரிந்தது.

பனி போய் வெயில் வந்தது. வெயில் முற்றிக் கோடை வந்தது. காட்டுக் குட்டைகள் ஒவ்வொன்றாய் வெடித்தன. ஒரு காலை, நீர்நாய் எல்லோரையும் சுனைக்கரையில் நிறுத்தியது.

"குட்டையெல்லாம் வத்திப் போச்சு. இந்தச் சுனை மட்டும் ஏன் வத்தல? இறங்குங்க தண்ணிக்குள்ள, சொல்றேன்!"

அதே கேள்வி. அதே கரை. மான்குட்டியும் முயலும் குரங்கும் தண்ணீரில் இறங்கின.

"வயித்து வலின்னு சொல்லிடு அக்கா! இறங்கினா எல்லாம் போச்சு!" என்று முதுகிலிருந்து கிசுகிசுத்தது கரிச்சான்.

அந்த நேரம் பார்த்து, மற்றவர்கள் தண்ணீரில் போட்ட இரைச்சலுக்கு நடுவே, மேட்டிலிருந்து செம்பியின் குரல் மெலிதாக வந்தது. "அம்மா! கூட்டம் கிளம்பியாச்சு! வா!"

"அப்பாடா! போ அக்கா, போ! நல்ல சாக்கு! யாருக்கும் ஒண்ணும் தெரியாது!" என்றது கரிச்சான்.

உண்மைதான். யாருக்கும் ஒன்றும் தெரியாமல் போய்விடலாம். மானத்தோடு போகலாம். அன்றைக்கும் இப்படித்தான் பாடம் பாதியில் போயிற்று. இன்னொரு முறை இந்தக் கரைக்கு வர ஆயுள் இருக்குமோ இல்லையோ!

"குருவி, நீ கொஞ்சம் பறந்துக்கோ," என்றது விரிகொம்பி.

தடால் என்று சுனைக்குள் பாய்ந்தது! தண்ணீர் கரை ஏறித் தளும்பியது. தலை மூழ்கி எழுந்தபோது சேறு கரைந்து ஓடியது. கொம்பின் வளையங்கள் எல்லாம் வெயிலில் தெரிந்தன.

எல்லோரும் அந்தக் கொம்பையே பார்த்தார்கள். பிறகு குரங்கு "ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

மான்குட்டி மட்டும் கிட்டே நீந்தி வந்தது. "இத்தனை கன்னுக்குட்டியா உங்களுக்கு? இந்த ஒரு வளையம் மட்டும் ஏன் இவ்வளவு மெல்லிசா இருக்கு?"

விரிகொம்பியின் கண் நிறைந்தது. "அது ஒரு கோடையில தண்ணியில்லாம போன கன்னு. அதோட அடையாளம் இது ஒண்ணுதான். அதையும் சேர்த்தா நான் சேத்தைப் பூசி மறைச்சேன்!"

குரங்கின் சிரிப்பு நின்றுவிட்டது.

நீர்நாய் நீந்தி வந்து எதிரே நின்றது. "ஏன் மறைச்சீங்க? இங்க உங்க வயசை யாராவது கேட்டாங்களா?"

விரிகொம்பி யோசித்துப் பார்த்தது. வாசலில் கேட்கவில்லை. உள்ளேயும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் தன் மனசுதான்.

"யாரும் கேக்கல, டீச்சர். நானாத்தான் பயந்தேன். ஒண்ணே ஒண்ணு. நேத்து வரைக்கும் என்னை 'நீ, வா, போ'ன்னுதானே சொன்னீங்க? இப்ப 'நீங்க'ன்னு தள்ளி வச்சுடாதீங்க. நான் இன்னும் உங்க மாணவிதான்."

நீர்நாய் சிரித்தது. "சரி. அப்ப நடு சுனைக்கு வா. காலைக் கீழே ஊன்று. என்ன தெரியுது?"

விரிகொம்பி நடுவே போய்க் காலை ஊன்றியது. அடி மணலுக்குள்ளிருந்து சில்லென்று ஏதோ குளம்பைத் தொட்டுத் தொட்டுத் தள்ளியது.

"தண்ணி! கீழேருந்து வருது!"

"அதான் ஊற்றுக்கண். மலை மேல பெய்யுற மழையில ஒரு பங்கு அவசரமா ஓடி வந்து குட்டையை நிரப்பும். கோடை வந்தா அது வத்திடும். இன்னொரு பங்கு மண்ணுக்குள்ள இறங்கி, பாறை இடுக்குல புகுந்து, மெதுவா நடந்து இங்க வரும். வந்து சேரவே வருஷக்கணக்காகும்."

"அப்ப இது எப்பப் பெஞ்ச மழை டீச்சர்?"

"யாருக்குத் தெரியும்? நீ கிடேரியா இருந்தப்பப் பெஞ்சதாக்கூட இருக்கும். இப்பத்தான் வந்து சேருது. மெதுவா வர்ற தண்ணிதான் வத்தாது."

விரிகொம்பி அந்த ஊற்றின் மேல் மறுபடி காலை ஊன்றிப் பார்த்தது. பிறகு மெல்லக் கேட்டது: "ஆத்துக்குப் போற வழியில ஒரு பாறை இருக்கு. எந்தக் கோடையிலும் அதன் அடியில பாசி காயாது. அங்கேயும் தண்ணி இருக்குமா?"

"கட்டாயம் இருக்கும்! தோண்டினா வரும்!"

"அந்தப் பாறை நிழல்லதான் என் கன்னு விழுந்துச்சு," என்றது விரிகொம்பி.

கரையில் ஒரு சலசலப்பு. தாயைத் தேடி மேட்டிலிருந்து இறங்கி வந்த செம்பி அங்கே நின்றுகொண்டிருந்தது. எல்லாவற்றையும் அது கேட்டுவிட்டது. தாயின் கொம்பையே பார்த்தது. இந்த முறை தலையைக் குனியவில்லை.

"அம்மா, நான் போய்க் கூட்டத்தை நிறுத்தி வைக்கிறேன். நீ பாடத்தை முடிச்சுட்டு வா! வழியில அந்தப் பாறையை நீதான் காட்டணும்!"

சொல்லிவிட்டு மேட்டை நோக்கி ஓடியது. போகும் மகளையே பார்த்துக்கொண்டு நின்றது விரிகொம்பி.

"இங்க பாரு! பாடம் புரிஞ்சுதா?" என்று அதட்டியது நீர்நாய்.

விரிகொம்பி தலையாட்டியது. கொம்பும் காதும் குலுங்க, நீர்நாய் மேலும் குரங்கு மேலும் தண்ணீர் தெறிக்கத் தெறிக்க, இத்தனை நாள் ஆட்டாத தலையை ஆசை தீர ஆட்டியது.

தாமதமாகப் படிக்க வருவதில் குறைவில்லை. வந்த பிறகும் வெட்கப்பட்டுக் கரையில் நிற்பதுதான் குறை.