அரண்மனையில் ஒரு வீட்டுச் சாப்பாடு

முன்னொரு காலத்தில், இன்றைக்குப் போலவே, பொழுது சாய்ந்தால் ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கவலைதான்: ராத்திரிக்கு என்ன சமைப்பது? அந்தக் கவலை இல்லாத வீடு அந்த நாட்டில் ஒன்றே ஒன்று. அது அரண்மனை. அங்கே நாற்பது கறிகள் தாமாக வந்து இலையில் உட்காரும். உட்கார்ந்து என்ன பயன்? ஆறு வயது இளவரசியும் நாலு வயது இளவரசனும் ஒரு வாய் வாங்க மாட்டார்கள். ஐந்து தாதிகள் தங்கக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நந்தவனம் முழுக்க அவர்கள் பின்னால் ஓடுவார்கள். பிள்ளை வளர்த்த யாரும் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். எனக்கும் சிரிப்பு வரவில்லை. கதை சொல்ல உட்கார்ந்துவிட்டேன், சொல்கிறேன்.

அந்த அரசரின் சபையில் அம்பலவாணன் என்றொரு விகடகவி இருந்தான். அரசருக்கு ஒரு பழக்கம். விளக்கு வைத்ததும் சாப்பிட உட்காருவார். நாற்பதாவது கறி முடியும்வரை அம்பலவாணன் எதிரே நின்று கதை சொல்ல வேண்டும். கதை நின்றால் அரசரின் கையும் நின்றுவிடும்.

அவன் வீட்டிலோ மூன்று குழந்தைகள். மூத்தவள் உமையாளுக்கு எட்டு வயது, கடைக்குட்டிக்கு மூன்று. மனைவி குஞ்சம்மாள் ஊருக்கே மருத்துவச்சி. எந்த வீட்டில் வலி எடுத்தாலும் போட்டது போட்டபடி ஓட வேண்டியவள். ஆகவே ராத்திரிச் சமையல் அம்பலவாணன் தலையில். பிற்பகலில் சபை கலைந்ததும் வீட்டுக்கு ஓடுவான். சமைத்து மூடி வைத்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு அரண்மனைக்குத் திரும்பி ஓடுவான். பக்கத்து வீட்டு அத்தை வந்து சோறு போட்டால் கடைக்குட்டி வாயைத் திறக்காது. அதைப் பார்த்து மற்ற இரண்டும், அப்பா வரட்டும் என்று உட்கார்ந்துவிடும். அப்பா வரும்போது மூன்றும் தட்டுக்குப் பக்கத்தில் சுருண்டு தூங்கியிருக்கும். எழுப்பினால் அழுகை, எழுப்பாவிட்டால் பட்டினி. மாதக்கணக்காக இதே கூத்து.

ஒருநாள் காலை, சபை நடுவே அம்பலவாணன் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டான்.

"எமது சபை உமக்கு அலுத்துவிட்டதோ?" என்று கேட்டார் அரசர்.

"சபை அலுக்கவில்லை, அரசே. மூன்று குழந்தைகளுக்குச் சோறு ஊட்டியதில் உடம்புதான் அலுத்துவிட்டது."

மடைப்பள்ளி அதிகாரி வல்லபராயர் இதற்குத்தான் காத்திருந்தார். நாற்பது கறி சமைத்துக் கொட்டியும், அரசர் கதையைப் புகழ்கிறாரே தவிரக் கறியைப் புகழ்வதில்லையே என்று அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

"அரசே, குழந்தைகளை உண்ண வைப்பது இவருக்குக் கைவந்த வேலை போலும். நாளை இரவு இளவரசருக்கும் இளவரசிக்கும் இவரே உணவு படைக்கட்டும். மடைப்பள்ளியிலிருந்து ஒரு சொட்டு நெய் கொடுக்க வேண்டாம். இவர் வீட்டில் என்ன சமைப்பாரோ அதையே சமைக்கட்டும். அங்கே எப்படி நடக்குமோ அப்படியே இங்கும் நடக்கட்டும். ஒன்று கூடவும் கூடாது, ஒன்று குறையவும் கூடாது. குழந்தைகள் தட்டில் மிச்சம் வைக்காமல் உண்ணாவிட்டால் இவர் பதவியை விட்டுப் போகட்டும்."

அரசருக்கு இது வேடிக்கையாகப் பட்டது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

"அரசே, இதை ஓலையில் எழுதி முத்திரை இட்டுத் தர வேண்டும்" என்றான் அம்பலவாணன்.

"அரசரின் வாய்மொழி உமக்குப் போதாதோ?" என்று சீறினார் வல்லபராயர்.

"போதும், ஐயா. ஆனால் அடுப்படியில் உங்கள் ஆட்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். கரண்டி பிடித்த கையோடு எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது."

வல்லபராயர் தம் கையாலேயே ஓலையை எழுதினார். ஒன்று கூடவும் கூடாது, ஒன்று குறையவும் கூடாது என்ற வரியைக் கூடுதலாக அழுத்தியே எழுதினார்.

அன்று பிற்பகல் அம்பலவாணன் வீட்டுக்குப் போனபோது குஞ்சம்மாள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாக ஒரு பிரசவம் பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். அவன் நடந்ததைச் சொன்னான்.

"வேலை போயிட்டா என்ன பண்றது?" என்றாள்.

"தெரியல."

"எனக்குப் பிரசவ வீட்டுல போடற நெல்லை வச்சு ஒரு மாசம் ஓட்டலாம். அதுக்கு மேல முடியாது." காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே தொடர்ந்தாள். "ஆனா இந்தப் பிழைப்பும் ஒரு பிழைப்பா? குழந்தை பொறக்கற நேரத்தை நான் தள்ளிப்போட முடியாது. ராஜா சிரிக்கற நேரத்தைத் தள்ளிப்போடலாம்ல?"

அம்பலவாணன் அடுப்படிப் பானைகளைத் திறந்து பார்த்தான்.

"நாளைக்கு என்ன சமைக்கப் போறீங்க?"

"இருக்கறதைத்தான். வரகரிசி இருக்கு. ஒரு கீத்துப் பூசணிக்காய் இருக்கு. சிறுபருப்பு ரெண்டு கை வரும். கொல்லையில முருங்கை இருக்கு."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

மறுநாள் உச்சிப்பொழுது கழிந்ததும் அம்பலவாணன் குழந்தைகள் இருக்கும் கட்டுக்குப் போனான். அங்கே மூத்த தாதி ஒரு பெரிய தாம்பாளத்தில் அதிரசமும் சீடையும் தேங்குழலும் ஏந்தி வந்தாள். பிற்பகல் முழுக்க அரை நாழிகைக்கு ஒரு தாம்பாளம் வருமாம். குழந்தை வாடிவிடக் கூடாது என்று அரண்மனையில் அப்படியொரு வழக்கம். இப்படி வயிற்றை நிரப்பிவிட்டு, ராத்திரியில் ஏன் சாப்பிடவில்லை என்று வைத்தியரைக் கூப்பிடுவார்கள்.

"இதை உள்ள கொண்டுபோங்கம்மா" என்று அம்பலவாணன் ஓலையைக் காட்டினான். "என் வீட்டுல நடுவுல பலகாரம் கிடையாது. வாங்க வக்கில்லை. ஒண்ணு கூடவும் கூடாதுன்னு எழுதியிருக்கு."

"அடியாத்தி, புள்ளைங்க துவண்டுபோயிடுமே" என்று முனகியபடி தாதி தாம்பாளத்தோடு திரும்பினாள்.

பிறகு மடைப்பள்ளிக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தான். குழந்தைகளை உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு முருங்கைக் கொத்தைக் கையில் கொடுத்தான்.

"இளவரசர் கீரை ஆய்வதா?" என்று வல்லபராயர் பதறினார்.

"என் வீட்டில் குழந்தைகள்தான் ஆய்வார்கள், ஐயா. இவர்கள் ஆயாவிட்டால் ஒன்று குறைந்துபோகும்."

இளவரசன் காம்பும் இலையுமாகச் சட்டிக்குள் போட்டான். இளவரசி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, "உனக்கு ஒண்ணும் தெரியல" என்று தம்பியை அதட்டினாள். பருப்பும் பூசணிக்காயும் ஒன்றாக வெந்தன. சீரகமும் மிளகும் தட்டிப் போட்டதும் வாசனை எழுந்தது. நஞ்சு இருக்கிறதா என்று சுவைத்துப் பார்க்கும் மூன்று பேர் வழக்கம்போல வந்து வரிசையில் நின்றார்கள். சாதாரண நாளில் அவர்கள் நாற்பது கறியையும் சுவைத்து முடிப்பதற்குள் எல்லாம் ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும். அம்பலவாணன் அவர்களுக்கும் ஓலையைக் காட்டித் திருப்பி அனுப்பினான்.

சூரியன் மறையும்போது இளவரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பசிக்குது" என்றான். அந்த அரண்மனையில் அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை. தாதிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்பலவாணன் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தான். பானையை மூடினான். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நேரே அரசரின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், வழக்கமான இடத்தில் நின்று கதை சொல்ல ஆரம்பித்தான்.

அரசர் சிரித்தார், உண்டார், மறுபடியும் சிரித்தார். பத்துக் கறி முடிந்தது. இருபது முடிந்தது. இருபத்தோராவது கறிக்குத்தான் அவருக்கு நினைவு வந்தது.

"அம்பலவாணரே, எம் குழந்தைகள் உண்டார்களா?"

"இன்னும் இல்லை, அரசே. சமையல் முடிந்துவிட்டது."

"பின் ஏன் பரிமாறவில்லை?"

"என் வீட்டில் தகப்பன் வந்து பிசைந்து கொடுத்தால்தான் குழந்தைகள் உண்ணும். தகப்பன் இன்னும் வரவில்லை."

"எங்கே போனார்?"

"இந்நேரம் என் வீட்டுத் தகப்பன் அரசரின் சாப்பாட்டுக் கூடத்தில் இருப்பான். இந்த வீட்டுத் தகப்பனாரும் அங்கேதான் இருக்கிறார்."

"எம்மை அழைத்திருக்கலாமே?"

"என் வீட்டில் தகப்பனை யாரும் அழைக்க மாட்டார்கள், அரசே. அழைத்தாலும் அவன் வர முடியாது."

அரசர் இருபத்தோராவது கறியை அப்படியே ஒதுக்கினார். பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தார்.

அங்கே இளவரசன் வெறுந்தரையில் தட்டுக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. இளவரசி மட்டும் விழித்திருந்தாள்.

"ரொம்ப அழுதான், அப்பா. அப்பா வந்துடுவார், அப்பா வந்துடுவார்னு சொல்லிச் சொல்லித் தூங்க வச்சேன்" என்றாள்.

பின்னாலேயே வந்த வல்லபராயருக்கு மட்டும் முகம் மலர்ந்தது. "அரசே, குழந்தை உண்ணாமல் உறங்கிவிட்டது. அம்பலவாணர் தோற்றார்."

"சும்மா இரும்" என்றார் அரசர்.

அவர் தரையில் உட்கார்ந்து மகனை எழுப்பினார். அது வீறிட்டு அழுதது. பெரிய பெரிய படைகளைப் பார்த்தவருக்குக் கை கால் ஓடவில்லை. அம்பலவாணன் பக்கத்தில் குனிந்து, "மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாய் சின்னதாக இருக்கட்டும்" என்று மெதுவாகச் சொன்னான். அரசர் வரகரிசிச் சோற்றில் கூட்டை ஊற்றிப் பிசைந்தார். முதல் கவளம் பட்டாடையில் விழுந்தது. இரண்டாவதைக் குழந்தை விம்மிக்கொண்டே வாங்கியது. மூன்றாவதற்கு அதுவே வாயைத் திறந்தது. "அது நான் ஆய்ஞ்ச கீரை" என்று இளவரசி தன் தட்டைத் தானே வழித்தாள். இரண்டு தட்டிலும் ஒரு பருக்கை மிச்சமில்லை. பானையின் அடியில் இருந்ததை அரசர் சுரண்டி எடுத்துத் தின்றார்.

அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"வல்லபராயரே, ஒன்று குறையவும் கூடாது என்று எழுதியவர் நீர்தானே? ஒன்றுமே குறையவில்லை. குழந்தை அழுததுகூடக் குறையவில்லை" என்று உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே, "உம்முடைய குழந்தைகள் இப்போது என்ன செய்துகொண்டிருக்கும்?" என்று அம்பலவாணனைக் கேட்டார்.

"தூங்கியிருக்கும், அரசே."

அரசரின் சிரிப்பு நின்றது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். அம்பலவாணன் அதை வாங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றான்.

"இன்னும் என்ன வேண்டும்?"

"விளக்கு வைக்கும் நேரத்தில் நான் என் வீட்டில் இருக்க வேண்டும். தினமும்."

"அப்படியானால் யாம் உண்ணும்போது யார் கதை சொல்வது?"

"உங்கள் குழந்தைகள் சொல்வார்கள், அரசே. சொன்னதையே சொல்வார்கள், கதை முடியவே முடியாது. ஆனால் பழகிவிடும்."

அரசர் மறுபடியும் வாய்விட்டுச் சிரித்து, அப்படியே ஆகட்டும் என்றார். மறுநாளிலிருந்து அரசரும் குழந்தைகளும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். நாற்பது கறி நாலாகக் குறைந்தது. அதனால் வல்லபராயரும் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்து, தம் மனைவியைத் திடுக்கிட வைத்தார்.

மறுநாள் அம்பலவாணன் பிற்பகலில் அவசரமாக வந்து ஓடாமல், வழக்கமாக அரண்மனைக்குத் திரும்பும் நேரத்தில் வீட்டு வாசலை மிதித்தான். உமையாள் அவனைப் பார்த்ததும் முகம் வெளிறி எழுந்து வந்தாள்.

"வேலையை விட்டுத் துரத்திட்டாங்களாப்பா?"

"இல்லம்மா."

"அப்ப ஏன் வந்தீங்க?"

அம்பலவாணன் அவள் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய் அடுப்பை மூட்டினான். அன்று மூன்று பேரும் விழித்திருந்து சாப்பிட்டார்கள்.